முரட்டுக் கடலும் நிம்மதியான இரண்டு நாளும்: பொம்மையார்பாளையம் முதல் பிச்சாவரம் வரை

கேள்வி இது: "விழுப்புரத்திலிருந்து சனி, ஞாயிறு இரண்டு நாள் காரில் கிளம்பலாம் என்றிருக்கிறோம். அம்மாவுக்கு முட்டி வலி, அப்பாவுக்குக் கூட்டம் ஆகாது. அலை மோதி அடிக்கிற கரடுமுரடான கடற்கரை பார்க்க ஆசை. ஆனால் ஓடி ஓடிப் பார்க்கிற பயணமாக இருக்கக் கூடாது. புதுச்சேரி, கடலூர் பக்கம் அப்படி ஏதாவது இருக்கிறதா?"

இருக்கிறது. வடக்கே பொம்மையார்பாளையத்தில் தொடங்கித் தெற்கே பிச்சாவரத்தில் முடித்தால், கடலோரத் தூரம் நூறு கிலோமீட்டரைத் தாண்டாது. இரண்டு நாளுக்கு அது தாராளம். இன்னும் கொஞ்சம் போனால் பூம்புகார், அதைத் தாண்டினால் தரங்கம்பாடி என்று ஆசை இழுக்கும். இந்த முறை வேண்டாம். அம்மாவைக் காரிலேயே உட்கார வைத்துக் கூட்டிப்போய்க் கூட்டி வந்த மாதிரி ஆகிவிடும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முட்டம், கன்னியாகுமரி போலக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இயற்கைப் பாறை இந்தப் பக்கம் கிடையாது. தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் கொண்டுவந்து கொட்டிய மணலும் வண்டலும்தான் இந்தக் கரை. இங்கே முரடு என்பது கடல் செய்கிற வேலையில் இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதுவதால், கரையோர மணல் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சில மாதம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம், ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர். அந்த ஓட்டத்தை எங்கே கல் போட்டு மறித்தார்களோ அதற்கு வடக்கே கடல் ஊருக்குள் வந்திருக்கிறது. மறிக்காத இடத்தில் கரை அகலமாக, அமைதியாகக் கிடக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் வழிநெடுக ஒவ்வொரு இடமும் ஏன் அப்படி இருக்கிறது என்று தானாகப் புரியும். சும்மா செல்ஃபி எடுத்துவிட்டு வருவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே கிளம்பிவிடுங்கள். ஆறு மணிக்குள் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இருக்கலாம். மாலையில் வண்டிகளுக்கு மூடுகிற அந்தச் சாலையைக் காலை ஏழரை வாக்கில்தான் திறப்பார்கள். காரை உள்தெரு ஒன்றில் நிறுத்திவிட்டு நடந்தால், ஒன்றரை கிலோமீட்டர் சாலை முழுக்க உங்களுடையது. அம்மா முழுதும் நடக்க வேண்டியதில்லை. காந்தி சிலை அருகே கடலைப் பார்த்து உட்கார்ந்தாலே போதும். சிலையைச் சுற்றி நிற்கிற கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை.

சாலைக்கும் கடலுக்கும் நடுவில் குவிந்து கிடக்கிற கருங்கல் எல்லாம் லாரியில் கொண்டுவந்து கொட்டியது. அரியாங்குப்பம் ஆறு கடலில் சேருமிடத்தில் 1980-களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே தேங்கியது, நகரத்துக்கு முன்னாலிருந்த மணற்கரை கரைந்துபோனது. பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், மணலில் விளையாடிய கதை சொல்வார்கள். பிறகு 2018 வாக்கில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவ இரும்புக் கட்டுமானம் ஒன்றை இறக்கியது. அதன் பலனாகத்தான் இப்போது ஒரு பகுதியில் மீண்டும் மணல் தெரிகிறது. காந்தி சிலைப் பக்கம் தண்ணீரில் எட்டிப் பார்க்கிற இரும்புத் தூண்கள், பிரெஞ்சுக்காரர் 1866-இல் கட்டி 1952 புயலில் சிதைந்த கப்பல் துறைப் பாலத்தின் மிச்சம். அதற்குப் பின் தெற்கே கட்டிய பாலத்திலும் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து விழுந்துவிட்டது. அலை கல்லில் மோதித் தெறிப்பதைப் பார்க்க இதைவிட வசதியான இடம் இந்தக் கரையில் வேறில்லை. கற்கள் மேல் மட்டும் ஏற வேண்டாம். பாசி பிடித்தவை, கீழே ஆழமான இடுக்குகள் உண்டு.

சிற்றுண்டி முடித்து எட்டரைக்கு வடக்கே திரும்புங்கள். கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். பத்து கிலோமீட்டர்தான். நகரத்துக்கு முன்னால் கல் கொட்டக் கொட்டக் கடலரிப்பு வடக்கே நகர்ந்து, குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று புதுச்சேரி எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக் குப்பங்களுக்கு வந்துவிட்டது. பிரதான சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற தெரு ஏதாவது ஒன்றில் நடந்து போங்கள். தெரு சட்டென்று முடியும். பாதி இடிந்த வீட்டின் சிமெண்ட் தரை கடலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். தரையில் பதித்த டைல்ஸ் ஒரு வரிசையில் முழுசாக இருக்கும், அடுத்த வரிசை இருக்காது. அடியில் மணல் போய், வேர்க்கட்டு முழுக்க வெளியே தெரிய, கடலைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும் தென்னை. அதன் நிழலில் உட்கார்ந்து ஒருவர் வலை பொத்திக்கொண்டிருப்பார். நீங்கள் தேடுகிற கரடுமுரடான கடற்கரை இதுதான், ஆனால் அங்கே குடியிருப்பவர்களுக்கு அது வீடு. கேமராவை நீட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். "எப்போ இருந்து இப்படி ஆச்சு அண்ணே?" என்று கேட்டால் போதும், எந்த வருடம் கோயில் போனது, எந்த வருடம் படகு நிறுத்துகிற இடம் போனது என்று வரிசையாகச் சொல்வார். தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, கேட்டு மீனவர்கள் மறியல் செய்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். அது எதற்கு என்று அங்கே நின்று பார்த்தால்தான் தெரியும்.

அதே ஊரில் சாலைக்கு மேற்கே, ஆரோவில் பக்கம், செம்மண் பள்ளங்கள் இருக்கின்றன. மழைநீர் அறுத்து அறுத்து உண்டாக்கிய ஓடைகள். சில இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் சிவப்புச் சுவர் போல நிற்கும். இந்தச் செம்பாறைக்குப் புவியியலில் கடலூர் மணற்கல் என்று பெயர். திருவக்கரையில் கல்மரங்கள் கிடக்கின்றனவே, சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையானவை, அவையும் இந்தப் படிவத்தைச் சேர்ந்தவைதான். கடலோரத்தில் பாறை இல்லையே என்ற குறையை இந்தச் சிவப்பு மேடு தீர்த்துவிடும். மேலே காடு அழிந்ததால்தான் பள்ளம் இவ்வளவு ஆழமானது. 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு வெறும் பொட்டல். வரப்பு கட்டி, மரம் நட்டு மண்ணை நிறுத்தியிருக்கிறார்கள். அப்பா இறங்கிப் பார்க்கலாம். அம்மாவுக்கு மேலிருந்து பார்ப்பதே நல்லது, ஓரத்து மண் பொலபொலவென்று இருக்கும். மழை பெய்த மறுநாள் யாருமே இறங்க வேண்டாம்.

பத்தரைக்கு மேல் வெயில் ஏறிவிடும். நேராகக் கடலூருக்கு வண்டியை விடுங்கள். சனிக்கிழமை இரவைப் புதுச்சேரியில் கழிக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். சென்னை, பெங்களூர் வண்டிகள் எல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். அறை வாடகையும் ஏறும், சத்தமும் ஏறும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் சாதாரண, சுத்தமான அறை நியாயமான வாடகைக்குக் கிடைக்கும். கூட்டம் ஆகாத உங்கள் அப்பாவுக்கு அதுதான் சரி.

புதுச்சேரியை விடுவதற்கு முன் பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள், தமிழ்நாட்டைவிட விலை குறைவாக இருக்கும். மது பாட்டில் எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது. எல்லையில் சோதனை உண்டு, ஒரு பாட்டில்தானே என்று வாதாடினால் பயணம் அங்கேயே கெட்டுவிடும். இந்த எல்லைக்கு ஒரு கதையும் உண்டு. பத்தாண்டு புதுச்சேரியில் இருந்த பாரதி 1918 நவம்பரில் பிரிட்டிஷ் எல்லைக்குள் காலெடுத்து வைத்ததும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தார். இன்று நாம் கார் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கடந்துபோகிற கோடு அது.

வழியில் அரிக்கமேடு வரும். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டி ரோமானிய மதுச் சாடிகளையும் மட்பாண்டங்களையும் எடுத்த இடம், பாசிமணி செய்த தொழிற்கூடம் இருந்த ஊர். ஆனால் இன்று மேலே பார்க்க ஆற்றங்கரைத் தோப்பும், பிற்காலத்துச் செங்கல் சுவர் ஒன்றும்தான். வரலாற்றில் ஈடுபாடு இருந்தால் அரைமணி இறங்குங்கள், இல்லையென்றால் தாண்டிவிடுங்கள். சுண்ணாம்பாறு படகுத் துறை சனிக்கிழமையில் சந்தைக்கடை. நாளைக்குப் பிச்சாவரத்தில் படகு ஏறப் போகிறீர்கள், இங்கே வேண்டாம்.

கடலூர் வந்து மதியம் மீன் சாப்பாடு, பிறகு கட்டாயம் இரண்டு மணி நேரத் தூக்கம். நாலு மணிக்கு எழுந்து தேவனாம்பட்டினம் போங்கள். சில்வர் பீச் என்று எல்லோரும் சொல்கிற கடற்கரை. காலையில் கடல் ஊரைத் தின்பதைப் பார்த்தீர்கள். இங்கே அதற்கு நேரெதிர், கால் வலிக்க நடக்கிற அளவுக்கு மணல். கடை, ராட்டினம் இருக்கிற இடத்தை விட்டு அரை கிலோமீட்டர் தள்ளிப் போனால் கூட்டம் கரைந்துவிடும். 2004 சுனாமியில் இந்தக் குப்பம் கடுமையாக அடிபட்டது. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரையேறியதும் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான். இவ்வளவு சாதுவாகக் கிடக்கிற கடலைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

குளிக்கிற பேச்சே வேண்டாம். கடலில் இறங்கி உயிரை விட்டவர்களில் பலர் நீச்சல் தெரிந்தவர்கள். ஆற்று முகத்துவாரம் பக்கத்திலும், கல் கொட்டிய இடத்துக்குப் பக்கத்திலும் இழுவை பலமாக இருக்கும். இரண்டு அலை வரிசைகளுக்கு நடுவில் ஒரு பட்டை மட்டும் அலை உடையாமல் அமைதியாகத் தெரிந்தால், குழந்தைகளை இறக்கப் பாதுகாப்பான இடம் என்று நினைக்கத் தோன்றும். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பக் கடலுக்குள் பாய்கிற வாய்க்கால் அதுதான். கணுக்கால் நனைய நிற்பதோடு போதும்.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கெடிலக் கரையில் புனித டேவிட் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. மாளிகை, மதில் என்று எதிர்பார்க்காதீர்கள், உதிர்ந்த செங்கல்தான். ஆனால் கதை பெரியது. 1690-இல் ஆங்கிலேயர் செஞ்சியிலிருந்த மராத்தியரிடம் இந்தக் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை உள்ள நிலமும் சேர்த்தி என்று ஒப்பந்தம். எல்லாத் திசையிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லை வரை கிராமங்கள் அவர்களுக்குப் போயின. குண்டு உப்பலவாடி என்ற ஊர் இன்றும் இருக்கிறது. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடமே இதுதான். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்தார். 1783 ஜூன் 20 அன்று இந்தக் கடலில் சஃப்ரனுடைய பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸுடைய ஆங்கிலக் கப்பல்களும் மோதின. ஐரோப்பாவில் அதற்குப் பல மாதம் முன்பே சமாதானத்துக்குக் கையெழுத்தாகிவிட்டது, செய்தி வந்துசேரவில்லை. அந்த மணலில் உட்கார்ந்து அடிவானத்தைப் பார்க்கும்போது, வீணாகச் செத்த அத்தனை மாலுமிகளும் எனக்கு நினைவுக்கு வருவார்கள்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு முதுநகர் மீன்பிடித் துறைமுகம். உப்பனாற்றில் படகுகள் வரிசையாக வந்து நிற்க, கூடை இறங்க இறங்க ஏலம் ஓடும். ஏலம் விடுகிற அம்மாமார்களின் குரலுக்கு முன் மைக் தோற்றுவிடும். வஞ்சிரமும் கொடுவாவும் ஒரு பக்கம், கவலையும் நெத்திலியும் குவியலாக இன்னொரு பக்கம். தரை வழுக்கும், அம்மாவைக் காரிலோ வெளியே டீக்கடையிலோ உட்கார வையுங்கள். வேலை நடக்கிற வழியில் நிற்காதீர்கள், தரையில் விரித்த வலையை மிதிக்கவே கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது வந்தால் துறைமுகம் பாதி உறங்கும், நாட்டுப் படகு மீன்தான் கிடைக்கும், விலையும் எகிறும்.

முதுநகரைத் தாண்டியதும் சிப்காட் தொழிற்பேட்டை வரும். கண்ணாடியை ஏற்றிக்கொள்ளுங்கள், சில நேரம் ரசாயன நெடி அடிக்கும். அந்த நெடியோடுதான் சுற்றுவட்டாரக் கிராமங்கள் நாள் முழுக்க இருக்கின்றன என்பதை நினைத்தால் மனசு கசக்கும். அதன் பிறகு முந்திரித் தோப்பும் சவுக்குத் தோப்புமாகச் சாலை தெளிந்துவிடும். புதுச்சத்திரம் தாண்டிக் கடல் பக்கம் திரும்பினால் சாமியார்பேட்டை. நேரமிருந்தால் கால்மணி நில்லுங்கள், சவுக்கு ஊடே வருகிற காற்றின் ஓசை அப்பாவுக்குப் பிடிக்கும். இல்லையென்றால் நேராகப் பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் சேருகிற ஊர், 1781-இல் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதிய களம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கும் இடம். முகத்துவாரத்தில் ஆற்று நீரும் கடல் நீரும் இரண்டு நிறமாகச் சந்திக்கிற இடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம்.

ஒன்பது மணிக்குள் பிச்சாவரத்தில் இருந்துவிடுங்கள், பத்தைத் தாண்டினால் ஞாயிற்றுக்கிழமை வரிசை நீளும். மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகுக்கு டிக்கெட் எடுங்கள். மோட்டார் அகலமான வாய்க்காலில் ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்து விட்டுவிடும், அதன் இரைச்சலுக்குப் பறவை ஒன்றும் நிற்காது. துடுப்புப் படகுதான் குறுகல் வழியில் நுழையும். படகில் இறங்குகிற இடத்தில் அம்மாவை இரண்டு பக்கமும் பிடித்து இறக்கச் சொல்லுங்கள், படகோட்டிகள் பொறுமையானவர்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டாம்.

உள்ளே போனதும் சுரபுன்னை மரங்களின் வேர் கிளையிலிருந்து வளைந்து சேற்றில் ஊன்றி, தலைக்கு மேல் வளைவு வளைவாக நிற்கும். குனிந்துதான் போக வேண்டும். வேரை உற்றுப் பாருங்கள், கட்டைவிரல் அகல நண்டு ஒன்று தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், துடுப்பு கிட்டே வந்ததும் வேரின் மறுபக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும். மரக்கிளையில் காய் போலத் தொங்குகிற நீளமான பச்சைக் குச்சி, தாய்மரத்திலேயே முளைவிட்ட கன்று. விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும், இல்லையென்றால் மிதந்துபோய் வேறிடத்தில் வேர்விடும். சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லையும் இந்தக் காட்டு மரம்தான். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, எந்த இலையையும் ஒடிக்காதீர்கள். சுனாமியின்போது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. நேற்றுக் காலை கல்லைக் கொட்டிக் கடலை மறிக்கப் பார்த்த கரையைப் பார்த்தீர்கள். இங்கே வேர்கள் அலையின் வேகத்தைக் குறைத்து வண்டலைப் பிடித்து வைக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் பொம்மையார்பாளையத்தில் தொடங்கச் சொன்னேன்.

எப்போது வருவது என்றால், ஜனவரி முதல் மார்ச் வரை. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை கடல் முரட்டுத்தனம் உச்சத்தில் இருக்கும், பார்க்கவும் பிரமாதம். ஆனால் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் படகு நின்றுவிடும், கடற்கரைப் பக்கமே விடமாட்டார்கள். அந்த மாதங்களில் முன்பணம் கட்டி அறை எடுக்காதீர்கள். மே மாதம் பெரியவர்களுக்கு ஆகாது.

படகிலிருந்து இறங்கியதும் பிச்சாவரத்திலேயே சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம். பதினைந்து கிலோமீட்டரில் சிதம்பரம், இட்லியும் கொத்சும் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். நடராஜர் கோயில் நடை மதியம் சாத்தியிருக்கும். மாலை வரை காத்திருக்க அம்மாவுக்குத் தெம்பு இருந்தால் தரிசனம், இல்லையென்றால் அடுத்த முறை. விழுப்புரம் திரும்ப, வந்த வழியே கடலூர் போகாமல் புவனகிரி, சேத்தியாத்தோப்பு, வடலூர், பண்ருட்டி என்று உள்வழியாக வாருங்கள். மார்ச்சு கடைசியில் வந்தால் பண்ருட்டியில் பலா இறங்கத் தொடங்கியிருக்கும். முழுப் பழமாக வாங்குவதைவிட, அறுத்து வைத்த கடையில் ஒரு சுளை ருசி பார்த்துவிட்டு அதே பழத்தில் மீதியை எடை போட்டு வாங்குவது நல்லது. முந்திரி வாங்குவதென்றால் வறுத்ததை விட்டு, பச்சைப் பருப்பாகக் கேளுங்கள், உடைசல் குறைந்த விலைக்குக் கிடைக்கும், பாயசத்துக்கு அது போதும்.